இல்லாத கோபுரமும் அதிலிருந்து தெரிந்த புகைபோக்கியும்

புய்மொரெல் நகரத்தில் எண்ணூறு வருஷத்துப் பழைய கோபுரம் ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில், ஊரே மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, அது தரையோடு தரையாக விழுந்துவிட்டது. கற்கள் தேசத்தின் சொத்தல்லவா? ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, லாரியில் ஏற்றி, மாவட்டத் தலைநகரத்துக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கோபுரம் நின்ற இடத்தில் இப்போது புல் இருக்கிறது. ஆனாலும் ஊர்க்காரர்கள் கோபுரம் உண்டு என்றுதான் சொல்வார்கள். அரசாங்கத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் அது இருக்கிறதே, அதற்குமேல் என்ன வேண்டும்?

இதைத் தவிர ஊரில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, யாரும் துணி துவைக்காத துவைப்புக் கூடம். மற்றது, ஒரு மன்னர் ஒரு நாள் தங்கியிருக்கக்கூடிய வீடு. மழை பிடித்துக்கொண்டதால் மன்னர் வேறு வழியாகப் போய்விட்டார். அவர் தங்காததைப் பற்றி வாசலில் பளிங்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

புல்தரைக்கு எதிரே ரொட்டிக்கடை. வைத்திருப்பவள் அர்மெல் குத்ரே. ஐம்பத்திரண்டு வயது, உழைத்துத் தடித்த கை, யாருக்கும் பயப்படாத வாய். இருபத்தாறு வருஷமாக விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறாள். அந்த அடுப்பைத் தவிர அவளுக்கு வேறு ஆஸ்தியும் இல்லை, வேறு ஆசையும் இல்லை. மார்ச் மாதம் அடுப்பின் புகைபோக்கியில் விரிசல் விட்டது. தீயணைப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது: புகைபோக்கியை மாற்றும்வரை அடுப்பை மூட்டக் கூடாது.

நியாயம்தானே என்று அர்மெல் புதுக் குழாய்க்குச் சொல்லி வைத்தாள். குழாய் வருவதற்கு முன்னால் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. இது வரலாற்றுச் சின்னங்கள் அலுவலகத்திலிருந்து. சின்னத்தைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள், சின்னத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதையும் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாதாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அர்மெலுக்கு இடித்த இரண்டு கையும் ஒரே அரசாங்கத்தின் கைகள்.

அனுமதி கேட்டு எழுதினாள். ஐந்து வாரம் கழித்து வால்ட்ரன் என்ற அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், பேச்சில் தேன். முதலில் அவளுடைய ரொட்டியைப் புகழ்ந்தார். பிறகு, புகைபோக்கி கோபுரத்தின் மேல் ஜன்னலிலிருந்து தெரிகிறதா என்று தாம் நேரில் பார்த்தாக வேண்டும் என்றார். ஆவணப்படி ஜன்னலின் உயரம் பதினெட்டு மீட்டர். தீயணைப்பு வண்டியை வரவழைத்தார்கள். அடுப்பு மூட்டாதே என்று சொன்ன அதே ஆட்கள் ஏணியை நீட்டிப் பிடித்துக்கொள்ள, வால்ட்ரன் தொப்பியை அழுத்திக்கொண்டு வெறும் ஆகாயத்தில் ஏறினார். சரியாகப் பதினெட்டாவது மீட்டரில் நின்று ரொட்டிக்கடைப் பக்கம் பார்த்தார். முகம் வாடிப்போய் இறங்கி வந்தார்.

"தெரியுதுங்க மதாம்," என்றார்.

"முசியே, நீங்க எட்டிப் பாத்தீங்களே, அந்த ஜன்னலே இல்லையே."

"ஜன்னல் விழுந்துடுச்சு. வாஸ்தவம். அதுல இருந்து தெரியுற காட்சி விழலையே மதாம். அந்தக் காட்சியில உங்க புகைபோக்கியும் சேத்தி, விரிசலோட."

"அப்ப கோபுரத்தைப் பதிவேட்டுல இருந்து அடிச்சுடுங்க."

"தாராளமா. அதுக்குக் கோபுரத்தோட நிலைமையை நான் எழுதணும். நல்ல நிலை, சுமாரான நிலை, மோசமான நிலை. மூணே கட்டம்தான் போட்டிருக்கு."

"இல்லைன்னு எழுத ஒரு கட்டம் இல்லையா?"

"இல்லாத ஒண்ணை வந்து பாக்கச் சொல்லி எங்களை யார் அனுப்பப் போறாங்க மதாம்?"

"போன தடவை என்ன எழுதுனீங்க?"

"சுமாரான நிலைன்னு எழுதுனேன்," என்றார் வால்ட்ரன். "ஈரம் இல்ல, பூச்சி அரிப்பு இல்ல. ஒரு குறையும் கண்ணுல படல."

சரி, கிடங்கில் இருக்கும் கல்லைக் கொண்டு வந்து கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிடலாமே, தானும் வந்து கல் சுமக்கிறேன் என்றாள் அர்மெல். வால்ட்ரன் பதறிப்போனார். சின்னத்தின் தற்போதைய நிலையைத் துளியும் மாற்றக் கூடாது என்பது சட்டம். தற்போதைய நிலையில் ஒரு கல்கூடக் கிடையாது. அங்கே ஒரு கல்லை வைத்தாலும் அது சின்னத்தைச் சிதைத்த குற்றமாகும் என்று விளக்கினார்.

அர்மெல் நேராக மேயரிடம் போனாள். மேயர் ஒக்தாவ் வில்சாக் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். கடிதங்களைப் படித்தார், பெருமூச்சு விட்டார், ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையைக் காட்டினார். அங்கே 'புய்மொரெல், வரலாற்றுச் சிறுநகரம்' என்று கோபுரம் வரைந்த பெரிய பலகை நிற்கிறது.

"அந்தப் பலகையை வாங்க எட்டு வருஷம் அலைஞ்சிருக்கேன் அர்மெல். கோபுரம் இல்லைன்னு நாமளே சொல்லிட்டா அப்புறம் இது வெறும் ஊரு."

"ரொட்டி இல்லாத ஊரு பரவாயில்லையா ஒக்தாவ்?"

மனு ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்றார் மேயர்.

மனுவைக் கையில் எடுத்தவள் தெல்ஃபீன். பாரிஸ்காரி. கோடையில் வந்து தங்குவதற்காக ஊரில் வீடு வாங்கியவர்களில் ஒருத்தி. இவர்களுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். ஜன்னல் கதவுக்கு அலுவலகம் அனுமதித்த ஏழு சாம்பல் நிறங்களுக்குள் எது அசல் சாம்பல் என்று மணிக்கணக்காக வாதாடுவார்கள். தெல்ஃபீன் வாரம் தவறாமல் அர்மெலின் ரொட்டியைப் படம் எடுப்பாள். தின்னமாட்டாள். அவள் கோதுமையை விட்டு நாலு வருஷமாகிறது. அசல் வாழ்க்கையைக் காப்போம் என்று தலைப்புப் போட்டு, அர்மெலின் மாவு படிந்த கையைப் படமாக அச்சடித்து, கையெழுத்து வாங்கக் கிளம்பினாள்.

அடுப்பு அணைந்து மூன்று மாதமாகியிருந்தது. அர்மெலும் மனுஷிதானே, சாப்பிட வேண்டாமா? நெடுஞ்சாலையில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுக்கு முதல் தடவையாக ரொட்டி வாங்கப் போனாள். ரொட்டி அடுக்கியிருந்த மேஜைமேலேயே தன் கை படமாகக் கிடப்பதைப் பார்த்தாள். மனுவை அங்கேதான் வைத்திருந்தார்கள். மொத்த ஊரும் வந்துபோகிற இடம் அதுதானாம். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. அவள் கடையில் ஒரு நாளில் எழுபது பேர் வந்தால் அதிகம். பக்கத்தில் ரோசின், மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள், இரண்டு நீள ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"உனக்காகத்தான் அர்மெல். நான் பதினேழாவது கையெழுத்து."

"நல்லது அக்கா. ஆனா என் கடைக்கு நீங்க வாரத்துல ஒரு நாள்தானே வருவீங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வருவேனே. இங்க ஞாயித்துக்கிழமை லீவு."

அதிகாரி ஆகாயத்தில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னதுகூட அர்மெலுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

மனு வென்றுவிட்டது. தலைநகரத்திலிருந்து ஆணை வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று சொன்னால் குரங்கு கோபித்துக்கொள்ளும். கடையைக் காப்பாற்றுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அரசாங்கமும் காப்பாற்றிவிட்டது. புய்மொரெல் ரொட்டிக்கடை, அடுப்பும் புகைபோக்கியும் விரிசலும் உட்பட, இன்று முதல் வரலாற்றுச் சின்னம். பதிவான நாளில் அடுப்பு குளிர்ந்திருந்தது. ஆகவே அதை மூட்டுவது சின்னத்தின் தற்போதைய நிலையை மாற்றுவதாகும். அடுப்பு எரியாது என்பதால் தீயணைப்புத் துறைக்கும் திருப்தி. இரண்டு அலுவலகங்களும் ஒத்துப்போனது இதுவே முதல் தடவை என்று மேயர் விழாவில் கண்கலங்கினார். அர்மெலைச் சின்னத்தின் காப்பாளராக நியமித்து, மார்பில் குத்திக்கொள்ளப் பெயர்ப்பட்டை ஒன்றும் கொடுத்தார்கள்.

செப்டம்பரில், சின்னங்களையெல்லாம் மக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரிய தினம் வந்தது. கடை வாசலில் தொடங்கிய வரிசை துவைப்புக் கூடத்தையும் தாண்டி நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கூட்டத்தை அவள் கண்டதில்லை. உள்ளே வந்தவர்கள் குளிர்ந்த அடுப்பை எட்டிப் பார்த்தார்கள், விரிசலைப் படம் எடுத்தார்கள். அந்த ரொட்டியின் மணத்தை நினைத்து ரோசின் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பாகவும் இருந்தது அர்மெலுக்கு, அழுகையாகவும் இருந்தது. மாவு பிசைவது எப்படி என்று வெறும் கையால் நாற்பது தடவை செய்து காட்டினாள்.

மதியம் கதவைச் சாத்திவிட்டு மாவுப் பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தாள். நீள ரொட்டி, நடுவில் பாலாடைக்கட்டி. முதல் கடி கடிக்கும்போது, இது மோசமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். மோசமாக இல்லை. மென்றுகொண்டிருக்கையில் கூட்டத்தை எண்ண வந்த வால்ட்ரன் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ரொட்டி நல்லா இருக்கும் போலிருக்கே மதாம். எங்க வாங்குனீங்க?"

"நெடுஞ்சாலைக் கடையில," என்றாள் காப்பாளர் அர்மெல், வாயைத் துடைத்துக்கொண்டு. "வண்டி நிறுத்த வசதியா இருக்கு."