போத்தலுக்குள் வெயில் இல்லை

உப்புக்காற்றை நம்பக்கூடாது என்பது தீவில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊறிய பாடம். ரேடியோவைப் பொலித்தீனில் சுற்றுவோம், ரிமோட்டுக்கு உறை போடுவோம். இந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அளவுக்கு மீறிப் படித்துவிட்டேன்.

என் மனைவி ஜெசிந்தாவுக்குத் தோலில் ஒரு நோய் வந்தது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் பட்டால் முகம் சிவந்து வீங்கிவிடும். அன்றிலிருந்து பகலில் நாரந்தனை வீட்டுப் படலையை அவள் தாண்டவில்லை. அந்த நேரம் பார்த்து மண்டைதீவில் அவளுடைய அண்ணன் புது வள்ளத்தைக் கடலில் இறக்க நாள் குறித்தார். "தங்கச்சி நிக்காமல் வள்ளம் இறங்காது" என்று ஒரே பிடிவாதம்.

விடுவேனா? உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றை வாங்கி, புறஊதாவை அளக்கும் உணரியை அதில் பொருத்தினேன். அளவு என் கைபேசியில் தெரியும். மூன்றுக்குக் கீழே நின்றால் பயமில்லை. (கம்பியை மாற்றிச் சொருகி முதல் பலகையைப் புகைத்த கதை இங்கே வேண்டாம்.) காலையில் முற்றத்தில் வைத்தபோது இரண்டு காட்டியது. அதோடு என் நடையே மாறிவிட்டது.

கடற்கரைக்குப் போகிற சாமானல்லவா? தடித்த ஜாம் போத்தலுக்குள் இறக்கி, மூடியை இறுக்கினேன்.

மண்டைதீவில் நாங்கள் ஓட்டோவை விட்டு இறங்கும்போது நல்ல மத்தியானம்.

"குடையை மடியும். பூச்சியம் காட்டுது!" என்றேன்.

"என்னப்பா, கண் கூசுது. பூச்சியம் எண்டுறீங்கள்?"

"கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் வேற, புறஊதா வேற. படிச்சவன் சொல்லுறன், மடியும்."

மடித்தாள். வள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் நான் காணாத சிரிப்போடு நின்றாள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த ஃபாதர் என் போத்தலைப் பார்த்தார்.

"இதையும் மந்திரிக்க வேணுமோ?"

"ஓம் ஃபாதர்."

தெளித்தார். அப்போதும் பூச்சியம்தான்.

பின்னேரம் அவளுக்குக் கண் திறக்க ஏலாதபடி முகம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தங்கச் சொல்லி மறித்துவிட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் போத்தலைத் திறந்து உணரியை வெளியே எடுத்தேன். பதினொன்று! கண்ணாடி அந்தக் கதிர்களை மறித்துவிடும் என்பதை இந்தப் படித்தவன் வாசிக்கவேயில்லை. அவள் முகம் தேறும்வரை நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

இப்போது மழை இருட்டினால் போதும், மச்சான் தொலைபேசி எடுப்பார்: "போத்தலுக்குள்ள பாத்துச் சொல்லும், நனையுதோ?"

ஜெசிந்தாவோ அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, காலை வெயில் விழுகிற சுவரில் மாட்டியிருக்கிறாள். குடையில்லாமல் சிரிக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பூச்சியம்தான் ஞாபகம் வரும்.

"கழட்டுமப்பா. வெயிலிலை மங்கிப்போகும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அண்டைக்கு எல்லாரையும் போல வெளியிலை நிண்டனான். அது இருக்கட்டும்" என்றாள். "மங்காது. கண்ணாடி போட்டிருக்கு. அது மறிக்குமெண்டு கண்டுபிடிச்சதே நீங்கள்தானே!"