உடும்புக்கு ஜீப்பு வந்த கதை

பஞ்சர் கடை வாசலில் நெருஞ்சி முள்ளைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் களக்காட்டில் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. பஞ்சர் அண்ணாச்சி என்றால் போதும்.

பிழைப்புக்காக முள் வளர்க்கிறார் என்று ஊரே பேசியது. என் சைக்கிள் டியூப் திரும்பத் திரும்பப் போனதில் நானும் நம்பினேன். ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"வாத்தியாரே, சத்தம் போடாதேயும். பைய குனிஞ்சு பாரும்" என்றார். வாசலிலிருந்து பக்கத்துக் காலிமனை வரை படர்ந்திருந்த நெருஞ்சிப் பூமேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி. "இது முட்ட வைக்கது இந்தச் செடியிலதாம்வே. புடுங்கிப் போட்டா எங்கன போவும்?"

சொல்லிவிட்டு பஞ்சருக்குக் கூலியும் வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அந்த மனைக்குள் ஓர் உடும்பு வந்தது. தெருவே திரண்டு செல்போனை நீட்டியது. வனத்துறை ஜீப் வந்து அதைப் பிடித்து மலைக்குக் கொண்டுபோனது. அண்ணாச்சிக்கு வயிறு எரிந்துவிட்டது.

"கை நீளத்துக்குக் கெடந்தா ஜீப்பு வருது. நகத்தளவு இருந்தா நாதியில்ல. என்ன நியாயம்வே இது? அது நாக்க நீட்டுதுன்னு படம் புடிக்கானுவ. இதுக்கு நாக்கு இல்லியா? அடக்கமா சுருட்டி வச்சிருக்கு. அது நடந்தா செடி சாவுது. இது உக்காந்தா இலகூட அசையாது. யாருவே பெரிய ஆளு?"

டியூப் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. உடும்புப் பிடி என்று ஒருவர் சொல்லப்போக, அவருக்குக் காற்றே அடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்து கோயில் கொடை விழா வந்தது. பந்தலுக்காக மனையைச் சுரண்ட ஜேசிபியோடு வந்தார் கமிட்டிக்காரர். பட்டாம்பூச்சி இருக்கிறது என்று நானே போய்ச் சொன்னேன்.

"பூச்சிக்காகக் கொடைய நிறுத்தச் சொல்லுதீயளா சார்?" என்று சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "உள்ள இன்னொரு உடும்பு கெடக்கு. பொட்ட. முட்ட வச்சிருக்கும். நசுங்கிச்சுன்னா கேசு ஒம்ம மேலதாம்வே."

உடும்பைத் தொட்டால் ஜெயில்தான் என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஜேசிபி வந்த வழியே பின்னால் போனது. பந்தல் எதிர்ப்பக்கம் எழும்பியது.

உள்ளே உடும்பாவது ஒன்றாவது. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துப் பாராட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தச் சனியன் பேரச் சொல்லியில்லா இதக் காப்பாத்த வேண்டியிருக்கு" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு இப்போது வேறு வழியில் நல்ல தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். நான் இன்னமும் அண்ணாச்சி கடை வழியாகத்தான் போகிறேன். டியூப் போகிறது. போகட்டும்.