ஏரோப்ளேன் மாஸ்டர் ஏறாத விமானம்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல், விமானப் பயணத்தின் அத்தனை கஷ்டங்களையும் அனுபவித்துவிட்ட மனிதர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருப்பூரில், எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ நல்ல பெயர்தான். ஆனால் தபால்காரர்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏரோப்ளேன் மாஸ்டர் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் அந்தக் கம்பெனி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், பக்கத்தில் ஒரு டெலிபோன், அவ்வளவுதான். அந்த டெலிபோன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் தலைமுடி இன்னும் சில வருஷம் கறுப்பாக இருந்திருக்கும்.

மாஸ்டருக்கு ஒரே மகள், பெயர் சரசு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். மாஸ்டர் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தானே தலை பின்னி, சோறு ஊட்டி, கட்டிங் மேஜைக்கு அடியில் துணிக்குவியலின் மேல் தூங்கப்போட்டு வளர்த்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். இப்போது சரசுவுக்குத் தலைப்பிரசவம்.

முறைப்படி அவள் பிறந்த வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஒரு காய்ச்சல் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாங்காங்கில் கிளம்பியதாம். எங்கே இறங்கும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த நேரத்தில் பிரயாணமே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

"பொறந்த ஊட்டுக்கு அவ வர முடியலீன்னா, பொறந்த ஊடு அவகிட்டப் போகோணுமுங்க," என்றார் மாஸ்டர். "அவுங்கம்மா இருந்திருந்தா போயிருப்பாளுங்களே. இப்ப ஊடுன்னா அது நான் ஒருத்தந்தானுங்க."

கப்பலில் போனால் குழந்தை முந்திக்கொள்ளும். ஆகவே மாப்பிள்ளை விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது. அன்று முதல் எங்கள் கம்பெனி, பனியன் தைக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் விமான நிலையமாக நடந்தது.

விமானத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிடுவார்கள் என்று யாரோ மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையை எடுத்து, தன் இடுப்பையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பழக ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். மரியாதைக்கு எழுந்திருக்க வேண்டாமா? மாஸ்டர் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

முதலாளி கொஞ்சமும் சிரிக்காமல், "இருக்கட்டும், ரெண்டு பேரும் உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே போனால் காது அடைக்கும் என்று இன்னொருவர் சொன்னார். பஞ்சுக்கு எங்கள் ஊரில் என்ன குறை? இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று நாங்கள் கத்தினோம். நாங்கள் கத்துகிறோமே என்று அவரும் கத்தினார். எதிர்க்கடை டீக்காரர், கம்பெனியில் பாகப்பிரிவினைச் சண்டை நடக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் உண்மையான கஷ்டம் மெட்ராஸில் இருந்தது. டிக்கெட் ஏற்பாடு செய்யும் கம்பெனிக்காரர் அங்கேதான் இருந்தார். காலையில் டிரங்க் கால் போட்டால், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கிடைக்கும். நான் ரிசீவரைப் பிடித்துக்கொள்வேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

"டிக்கெட் இருக்குதான்னு கேளுங்க தம்பி."

இருக்கிறதாம்.

"அப்ப ஏரோப்ளேன் போகுமுங்களா?"

போகும் என்றுதான் எதிர்பார்க்கிறார்களாம்.

"போனா அங்க எறக்கி உடுவாங்களா?"

அம்மை குத்திய சான்று வேண்டுமாம். காலரா ஊசிச் சான்று வேண்டுமாம். காய்ச்சல் இருக்கக்கூடாதாம். சந்தேகம் வந்தால் தனியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். எல்லாம் அன்றைய நிலைமையைப் பொறுத்ததாம்.

"அன்னைக்கு நெலமை எப்புடி இருக்குமுன்னு கேளுங்க."

அது அன்றைக்குத்தான் தெரியுமாம். நான் போனை வைத்தேன். மாஸ்டர் என் தோளை விட்டுவிட்டு, "இதுக்கு ஜோசியகாரனே தேவலீங்க. தப்போ சரியோ, ஒரு தேதியாச்சும் சொல்லுவான்," என்றார்.

தேதி தெரியாத குறையை அவர் தன் தொழில் வழியிலேயே சமாளித்தார். பேரக்குழந்தைக்குப் பனியன் வெட்டினார். முதலில் பிறந்த குழந்தைக்கு உண்டான அளவு. பயணம் தள்ளிப்போகலாம் என்று பேச்சு வந்ததும் குப்புற விழும் குழந்தைக்கு ஒரு அளவு. அடுத்த டிரங்க் காலுக்குப் பிறகு, தவழும் குழந்தைக்கு. ஒருநாள் பார்த்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இது எதுக்கு?"

"மெட்ராஸ்காரரு பேசறதைப் பாத்தா இதுவரைக்கும் தேவைப்படும்போலத் தெரியுதுங்க."

அப்புறம் அம்மை குத்திக்கொள்ளப் போனார். முனிசிபாலிட்டிக்காரர் கையில் குத்திவிட்டார். கை வீங்கி, கொப்புளம் எழும்பி, காய்ச்சலும் வந்தது. குத்தியது பலித்தது என்று அதற்கு அர்த்தம். அதே நேரம் மெட்ராஸில் இருந்து, விமானம் நிச்சயம் போகிறது, உடனே புறப்பட்டு வரவும் என்று எனக்குச் செய்தி வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது.

கட்டியவர் பக்கத்து வீட்டுப் பாவாத்தாக்கா. கொப்புளத்தைப் பார்த்ததுமே அம்மை போட்டிருக்கிறது, மாரியாத்தா வந்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றும் வரை ஆள் படி தாண்டக்கூடாது. எங்கள் பக்கத்தில் இதை மீற யாருக்கும் தைரியம் கிடையாது.

"அக்கா, அது ஆத்தா இல்லீங்க. ஊசி குத்துன எடமுங்க!" என்று கெஞ்சினேன்.

"ஊசியில வந்தா என்னுங்க தம்பி? வந்தவளை வாசல்ல நிறுத்தி, நீ எந்த வழியா வந்தேன்னு கேப்பீங்களா?"

உள்ளே மாஸ்டர் வேப்பிலை மேல் படுத்திருந்தார். "தம்பீ, கொப்புளத்தைப் பாத்து முனிசிபாலிட்டிக்காரரு சந்தோசப்பட்டாரு. பாவாத்தாளும் கையெடுத்துக் கும்புட்டுச் சந்தோசப்பட்டா. ஆக மொத்தம் எல்லாருக்கும் சந்தோசந்தானுங்க, நாந்தான் போக முடியலீங்க," என்றார். அந்த விமானம் அவர் இல்லாமலேயே போனது. எனக்கு வந்த கோபத்தில் பாவாத்தாக்கா கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளை எப்படியோ பேசி அடுத்த விமானத்துக்கு மாற்றினார். பிரசவம் இன்றோ நாளையோ என்றிருந்தது. காலரா ஊசியும் போட்டாகிவிட்டது, சான்றுகள் எல்லாம் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. மெட்ராஸ் ரயிலுக்கு வழியனுப்ப அன்று சாயங்காலம் கம்பெனியே ஸ்டேஷனில் நின்றது. முதலாளி மாலை வாங்கி வந்திருந்தார். மாஸ்டர் கடைசி நிமிஷம் வரை துணி வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார். மாலையைப் போட்டதும் ஒரு தும்மல் போட்டார். தொடர்ந்து இன்னும் இரண்டு.

நாங்கள் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவன் தும்மாவிட்டால்தான் ஆச்சரியம். மூக்கு நிறையப் பஞ்சுத்தூசி. நாங்கள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் கல்யாணம் செய்துகொண்டோம், பிள்ளை பெற்றோம். ரயில் வந்து நின்றது. மாஸ்டர் பெட்டியை மேலே ஏற்றினார். படியில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"தம்பீ, இது தூசித் தும்மலுங்களா, காச்சத் தும்மலுங்களா?"

"தூசிதான் மாஸ்டர்! இத்தனை வருஷமாத் தும்மறீங்களே, தெரியாதா? ஏறுங்க!"

"இத்தன வருசமாத் தும்முனது தூசிதானுங்க. இன்னைக்குத் தும்முனது மட்டும் வேறயா இருந்துச்சுன்னா?"

"காச்சல் இருந்தா மெட்ராஸ்ல அவங்களே பாத்துச் சொல்லுவாங்க!"

"ஒடம்பு சுடலீங்களே. ஏறிக்கன்னு சொல்லிப்போடுவாங்க. எனக்கு அதுதானுங்க பயமே," என்றார். "பச்சை மண்ணுங்க அது. மொதமொதல்ல அப்புச்சி கொண்டுபோற சீரு இதா இருக்கோணுமுங்களா?"

அம்மாவைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். அந்தச் சொல்லைத் தன்னைக் குறித்து அவர் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பெட்டியை இறக்கிவிட்டார். ரயில் போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் நான் அவரைத் திட்டினேன். இவ்வளவு டிரங்க் காலும் இதற்குத்தானா, பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டேன். மாலையும் கழுத்துமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டார். பிறகு நான்தான் தந்தி ஆபீசுக்குப் போய், அப்பாவுக்குத் தும்மல், பிள்ளைக்கு ஆகாதென்று பயணத்தை நிறுத்திவிட்டார் என்று சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தேன். தந்தி குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "தும்மலுக்கெல்லாமா சார் தந்தி குடுக்கறாங்க?" என்றார்.

மறுநாள் காலையில் மாஸ்டர் வந்தார். தும்மல் இல்லை, சளி இல்லை, ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்துத் தூசி போனதும் தும்மலும் போய்விட்டது. எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. அவர் மட்டும், "தூசிதானுங்களா? நல்லதுங்க," என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

அந்த வாரமே பதில் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். மாஸ்டர் கம்பெனி முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். மெஷின் மெஷினாகப் போய், வாயிலேயே போட்டுவிட்டார். அப்புறம் அவரைக் காணவில்லை. கட்டிங் மேஜைக்கு அடியில், துணிக்குவியலின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் வரை ஒருவருக்கும் மேஜைப் பக்கம் போகிற வேலையே வரவில்லை.

வெட்டிய பனியன்களைத் தைத்துப் பார்சலில் அனுப்பினோம். அதற்குப் பிறகும் டிக்கெட், ஊசி, அன்றைய நிலைமை என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் காய்ச்சல் எல்லாம் அடங்கியபின் சரசுவே குழந்தையோடு புறப்பட்டு வந்தாள். முதலாளி, பாவாத்தாக்காவோடு ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். மாஸ்டர் இரண்டு நாளாகக் கம்பெனிப் பக்கமே வராமல், குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, ரயில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வராமல் தள்ளி நின்றுகொண்டார்.

சரசு இறங்கியதும் நான் முந்திக்கொண்டேன். "அப்பா மேல கோவமா அம்மிணி? அன்னைக்கு நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கலை."

"தந்தி வந்தப்ப அழுதேனுங்கண்ணா," என்றாள் சரசு. "ஆஸ்பத்திரில எல்லாக் கட்டில்லயும் அவங்கவங்க அம்மா வந்து உக்காந்திருந்தாங்க. உங்க ஊட்டுல இருந்து யாருமே வரலையான்னு கேட்டாங்க. எங்கப்பா வரேன்னுதான் கெளம்புனாரு, புள்ளைக்கு ஆகாதுன்னு டேசன்லயே நின்னுட்டாருன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையா இருந்துச்சுங்க. அப்பா! ஏனுங்கப்பா அங்கயே நிக்கறீங்க? வாங்க!"

மாஸ்டர் மெதுவாக வந்தார். கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். சரசுவிடம் கேட்கவில்லை. அவள் இடுப்பில் இருந்த குழந்தையிடமே குனிந்து, "ஏனுங்க அம்மிணி, அப்புச்சி எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

குழந்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அப்படியே அவர் மேல் சாய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரும் வரை யார் கேட்டும் அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை. பாவாத்தாக்கா கேட்டார், முதலாளி கேட்டார், நானும் கேட்டேன்.

பிற்பாடு நான் எத்தனையோ விமானம் ஏறிவிட்டேன். இன்றும் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் பக்கத்து சீட்டைத்தான் பார்க்கிறேன். அங்கே எங்கள் மாஸ்டர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!