ஒரேதடவை சாரும் கடல் சாமந்தியும்

பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி ஒரேதடவை சார் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று மூன்றாவது முறையாக எண்ணினார். மூன்றாவது முறையும் பதினொன்றுதான் வந்தது.

நேற்றுக் காலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டிக்குள் கிடந்த பாறையின் உச்சியில், பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பூ மாதிரி விரிந்துகொண்டு. அதைப் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்து, அடியோடு பெயர்த்துவிட்டுத்தான் குளிக்கவே போனார். இன்று பதினொன்று. எங்கேயோ இடிக்கிறதே என்று தலையைச் சொறிந்தார்.

"இங்க வா, நீ ஒரு தடவை எண்ணு," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எண்ணினாள். "பன்னெண்டு."

"பதினொண்ணு!"

"பின்னாடி ஒண்ணு இருக்குங்க. எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். இருந்தது. அவர் முகத்தைக் கண்டதும் சட்டென்று சுருங்கி ஓட்டைக்குள் போய்விட்டது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரேதடவை சாரால் அப்படிப் போக முடியவில்லை. பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துப் போன மாதம்தான் ஓய்வு பெற்றவர் அவர். கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி எதுவானாலும் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போவார். 'மறுபடியும் வந்துடுச்சு, வாங்க' என்று அவர் மருந்தடித்த வீட்டிலிருந்து இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு புகார்கூட வந்ததில்லை. மற்றவர்கள் ஒரே வீட்டுக்கு நாலு தடவை நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இவருக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

இந்தக் கடல்மீன் தொட்டியே ஆபீஸ்காரர்கள் கொடுத்த பிரிவுப் பரிசுதான். உப்புத்தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு பாறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மேனேஜரும் மற்றவர்களும் தொட்டியைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். 'ஒரே தடவை' என்று எழுத்துப் பொறித்த கேடயத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் பூச்சிமருந்துக்காரர் வீட்டுத் தொட்டியிலேயே பூச்சி பூத்துக் குலுங்கினால் மானம் கப்பலேறிவிடும். அன்று செவ்வாய்க்கிழமை.

"பேசாம டிரைவரைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"அவனை எதுக்கு? வேன் ஓட்டுறவனுக்குக் கடல் பூச்சியைப் பத்தி என்ன தெரியும்?"

"தோணுச்சு, சொன்னேன். அப்புறம் உங்க இஷ்டம்."

டிரைவர் இருபத்தாறு வருஷம் சாருடைய வேனை ஓட்டியவர். சேர்ந்த முதல் வாரமே வேனைச் சுவரில் இடித்துவிட்டார். கம்பெனி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, "நான்தான் பின்னாடி எடுக்கச் சொன்னேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு காப்பாற்றியவர் சார். அன்றிலிருந்து சார் என்றால் டிரைவருக்கு உயிர்.

சாருக்கு ஒரு பொல்லாத மறதி. போகிற வீட்டில் எல்லாம் டார்ச்சை விட்டுவிட்டு வந்துவிடுவார். மறுநாள் டிரைவர்தான் போய் எடுத்துவருவார், அதுவும் அரை நாள் கழித்து. சொந்த வீட்டுச் சமையலறையில் மருந்தடித்த அன்றும் டார்ச்சை அங்கேயே விட்டுவிட்டார். அதையும் மறுநாள் டிரைவர் வந்துதான் எடுத்துப்போனார். "ஒரு டார்ச்சை எடுக்க அரை நாளா? சரியான சோம்பேறிய்யா நீ!" என்று சார் திட்டுவார். டிரைவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

சார் நேராக மீன் கடைக்குப் போனார். போனில் எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இது பூவா, பூச்சியா? முதல்ல அதைச் சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல சார், பிராணி. கடல் சாமந்தியில ஒரு ஜாதி, களை மாதிரி. பாறையோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். விட்டா தொட்டி பூரா பரவி மீனையே கொட்டும்."

"அதான் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டேனே!"

கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தேய்ச்சீங்களா? ஐயையோ! ஒரு துணுக்கு விழுந்தாலும் அது தனியா ஒண்ணா வளருமே சார். நீங்க அதைக் கொல்லல, நாத்து நட்டிருக்கீங்க."

"ஓஹோ. அப்ப வெட்டினா பெருகும்?"

"பெருகும்."

"வெட்டாம விட்டா?"

"அப்பவும் பெருகும்."

கரப்பானுக்குக்கூட ஒரு நியாயம் உண்டு, இதற்கு அதுவும் இல்லையா என்று சாருக்கு இருந்தது.

"எலுமிச்சம் பழச் சாறை ஊசியில எடுத்து, மெதுவா அதோட வாயில விடுங்க," என்றார் கடைக்காரர். "ஒரு நாளைக்கு ரெண்டு மூணு, அதுக்கு மேல வேண்டாம். நாலு நாள் கழிச்சு மறுபடி பாத்து..."

"மறுபடியா? என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எனக்கு மறுபடிங்கற பேச்சே கிடையாது."

புதன்கிழமை காலை அவர் பழைய சீருடையைப் போட்டார், முகமூடியைக் கட்டினார், பத்து எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தார். தொட்டி முன்னால் நின்று பழக்கதோஷத்தில், "எல்லாரும் நாலு மணி நேரம் வெளிய இருக்கணும், சமையல் பாத்திரத்தை மூடி வெச்சிடுங்க," என்றார். இரண்டு மீனும் அவரையே பார்த்தன.

"யார்கிட்டங்க பேசுறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உன்கிட்ட இல்ல, நீ வேலையைப் பாரு."

ஊசி கிட்டப் போனதும் ஒவ்வொன்றும் வாயை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் ஓடியது. சாறு வெளியே போனது. விடுவேனா என்று சார் அத்தனை சாற்றையும் ஓட்டைகளைப் பார்த்து ஒரே மூச்சில் பீய்ச்சினார். தண்ணீர் கலங்கியது. மீன்கள் ஒருக்களித்துப் படுத்தன. "ஐயோ, புளிச்சிடுச்சுங்க!" என்று மனைவி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மத்தியானம் வரைக்கும் இருவரும் மாற்றி மாற்றித் தண்ணீர் சுமந்தார்கள். சாயங்காலம் மீன்கள் நிமிர்ந்தன. பாறையில் ஒரு சாமந்திகூட இல்லை.

"பாத்தியா? ஒரே தடவை!" என்று சார் நெஞ்சை நிமிர்த்தினார். இடுப்புதான் நிமிரவில்லை.

வியாழக்கிழமை காலை முப்பத்திரண்டு இருந்தன. எண்ணியது மனைவி. சார் எண்ணுவதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து டிரைவரிடமிருந்து போன். "சார், அம்மா சொன்னாங்க. நான் வேணா நாளைக்கு வந்து ஒரு பார்வை பாக்கட்டுமா?"

"என்னய்யா பேசுற? நான் பாத்த இடத்துல இன்னொருத்தன் வந்து பாக்க என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான் சார்," என்றார் டிரைவர்.

சாருக்கு ரோஷம் வந்தது. ஓட்டையை அடைத்தால் பூச்சிக்கு வழியில்லை. முப்பத்தோரு வருஷம் அவர் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தொட்டிக்குப் போடும் பசையை வாங்கிவந்து பாறையில் கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் பூசி மெழுகினார். மீன்கள் படுக்கிற பொந்தும் அதில் அடைபட்டுப் போனது. அன்று முழுக்க அவை இரண்டும் வீட்டைக் காலி செய்யச் சொன்ன குடித்தனக்காரர்கள்போல ஒரு மூலையில் நின்றன.

வெள்ளிக்கிழமை சாமந்திகள் பக்கவாட்டில் முளைத்தன. ஒன்று பசையின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு எங்க போய் முட்டிக்கிறது?" என்று சார் மறுபடி கடைக்கு ஓடினார். அங்கே அவருக்குக் கோடு போட்ட மூன்று இறால்கள் கிடைத்தன. அந்த இறால்களுக்குச் சாமந்தி என்றால் உயிராம், வளைத்து வளைத்துத் தின்னுமாம். தொட்டியில் விட்டதும் மூன்றும் பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. மீனுக்குத் தீனி போட்டபோது மட்டும் வெளியே வந்து, மீனுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டன.

சார் கடைக்காரருக்குப் போன் போட்டார். "என்னய்யா, வேலைக்காரனை அனுப்பச் சொன்னா விருந்தாளியை அனுப்பியிருக்க?"

"புது இடம் சார், பழகணும். ஒரு மாசத்துல தின்ன ஆரம்பிச்சிடும்."

"ஒரு மாசமா? எனக்கு நாளை மறுநாள் கேடயம்யா!"

"டிரைவரை..." என்று மனைவி வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு!"

சனிக்கிழமை காலை அவர் துணிந்தார். பாறையையே தூக்கிப் பால்கனி வெயிலில் போட்டார். பாறையே இல்லாவிட்டால் எதில் ஒட்டும்? இதை முதலிலேயே செய்யாமல் போனோமே என்று தன்னைத்தானே தலையில் குட்டிக்கொண்டார். பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. பாறைக்குள் இருந்த புழு, நத்தை, சாமந்தி எல்லாம் காயத் தொடங்கின. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு நாற்றம், மூன்று மாடியிலும் ஜன்னல்கள் படார் படாரென்று சாத்திக்கொண்டன.

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "எங்கயோ எலி செத்துக் கிடக்கு சார். நல்ல வேளை, நீங்க இந்தக் கட்டடத்துல இருக்கீங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

சாருக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். கட்டில் அடியில் பார்த்தார், பரணில் பார்த்தார், அடுப்பு மேடையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதற்குள் பக்கத்து வீட்டாரும் கூப்பிட, அங்கேயும் போய்ப் பார்த்தார். இல்லாத எலியைத் தேடி மூன்று வீடு ஏறி இறங்கினார். நான்காவது வீட்டு வாசலில் நின்றபோது, தான் என்ன தேடுகிறோம் என்பது அவருக்கே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"எலி எதுவும் இல்லம்மா. காத்துதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி, பாறையை மூன்று பையில் சுற்றி, மீன் கடைக்காரர் தலையிலேயே கட்டிவிட்டு வந்தார். தொட்டிக்குள் வெறும் கண்ணாடி, தண்ணீர், வடிகட்டிக் குழாய், இரண்டு மீன், மூன்று விருந்தாளிகள். எட்டி எட்டிப் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேனேஜர் வந்தார். ஆபீஸில் புகார் போனை எடுக்கும் அம்மா வந்தார். டிரைவர் தோளில் ஒரு துணிப்பையோடு கடைசியாக வந்து கதவருகிலேயே நின்றார்.

"தொட்டி எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!" என்றார் மேனேஜர்.

"சார் கைபட்டா சும்மாவா?" என்றார் போன் அம்மா. "இருபத்தாறு வருஷத்துல சார் பேருல ஒரு புகார் எழுத என் பேனாவுக்குக் கொடுத்துவைக்கலியே!"

கேடயத்தைச் சாரின் கையில் கொடுத்து, எல்லோரும் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தயாரானார்கள். அப்போதுதான் வடிகட்டிக் குழாயின் வாயிலிருந்து, சாவகாசமாக, ஒரு பழுப்புச் சாமந்தி தலையை நீட்டியது. பிறகு நன்றாக விரிந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது அதுதான்.

"அட, பூ! அழகா இருக்கே, இது என்ன சார்?" என்றார் மேனேஜர்.

அலங்காரப் பூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். சார் கேடயத்தை மேனேஜர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது பூ இல்ல சார், பூச்சி. ஆறு நாளா அடிக்கிறேன், போகல. ஒரே தடவைன்னு பேர் வாங்கினவனுக்கு வயசாயிடுச்சு. கை விட்டுப்போச்சு. இந்தக் கேடயத்தை வாங்க எனக்கு யோக்கியதை இல்ல." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவி கதவுப் பக்கம் திரும்பி டிரைவரைப் பார்த்தாள். டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. மெல்ல வந்து, துணிப்பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை எதுக்குய்யா இங்க வைக்கிற?" என்றார் சார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"உங்க கை எங்கயும் போகல சார், எப்பவும் போலத்தான் இருக்கு," என்றார் டிரைவர். "இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு வீட்டுலயும் உங்க டார்ச்சை வெச்சுட்டு வந்ததே நான்தானே, இல்லேன்னா மறுநாள் உள்ள போய் ரெண்டாவது தடவை மருந்தடிக்க நான் என்ன சாக்குச் சொல்றது?"