மடத்தில் இருக்கும் அக்காவுக்கு, ஆங்கில நோட்டு பற்றி

இயேசு மரி சூசை துணை

மேல் டிவிஷன் லயம்,
வண்டிப்பெரியார்.

அன்புள்ள நிமி அக்காவுக்கும், அவளுக்கு முன்பாக இதைப் பிரித்து வாசிக்கும் மதர் அவர்களுக்கும், தங்கை வினோ எழுதுவது.

நீ இயேசுவுக்காக மடத்துக்குப் போகவில்லை, தனிக் கட்டிலுக்காகப் போனாய். லயத்து வீடென்றால் ஒரே அறைதான், அதில் நாலு பேர், ஒரே கட்டில், அதில் நாம் இரண்டு பேர். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இந்தத் தேயிலை எஸ்டேட்டில் தனியாகக் காலை நீட்ட வேண்டுமானால் மடத்தில்தான் முடியும். மதர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் தேவ அழைத்தலைக் குறை சொல்லவில்லை, லயத்தைத்தான் சொல்கிறேன்.

இங்கே அப்பா, அம்மா, நான், கூரையில் மிச்சமிருக்கும் தகரம் எல்லாரும் சுகம். அங்கே பாலக்காட்டு வெயிலில் நீயும் மற்ற சிஸ்டர்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

விஷயம் இதுதான். எனக்கு இங்கிலீஷில் அணிகள் பரீட்சை. மெட்டஃபர், ஐரனி என்று இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் உதாரணம். நீ எழுதி வைத்த நோட்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். போன மாத மழையில் ஒழுகல் அதன் மேலேயே விழுந்து, பதிமூன்றாவது பெயரிலிருந்து எல்லாம் ஒரே நீலம். ஒழுகலைப் பற்றி அப்பா ஆபீசில் மனு கொடுத்ததற்கு, 'கம்பெனி வருந்துகிறது' என்று ஒரு தாள் வந்தது. உயிரில்லாததை மனுஷராக்கிப் பேசும் அணிக்கு அதையே உதாரணமாக எழுதிக் காட்டினேன். ஜிஜி டீச்சர் முழு மார்க் போட்டார். கூரை அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தைரியத்தில் அடுத்த நாள் ஹைபர்பொலிக்கு, அதுதான் இல்லாத அளவுக்குப் பெருக்கிச் சொல்வது, அதற்கு உதாரணம் யார் சொல்வீர்கள் என்று டீச்சர் கேட்டபோது நம் லயத்து ஜோமோன் என்னை எழுப்பிவிட்டான். நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை, சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன்: எங்க லயத்துல ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், அதுக்குக் கதவு சாக்கு. டீச்சர் கைதட்டி, "பிரமாதம்! இப்படித்தான் பெருக்கணும்" என்றார். "டீச்சர், அது உள்ளதுதான்" என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஜோமோன், "பொய் சொல்லுதா டீச்சர், சாக்கு போன மழையிலேயே போயிட்டு!" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பாடத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

ஐரனிக்கு, அதுதான் நினைத்ததற்கு நேர்மாறாக நடப்பது, அதற்கு உன்னையே எழுதினேன், கோவிச்சுக்காதே. குழாயடியில் நம் குடத்தை நகர்த்தினதுக்குக் கங்காணி பெண்டாட்டியை தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூணுலயும் வாங்கு வாங்குன்னு வாங்கினவளுக்கு, இப்ப மடத்துல தினமும் ரெண்டு மணி நேரம் மௌனமாம்.

கடைசியாக ரெட்டாரிக்கல் கேள்வி. பதிலை எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி என்று புஸ்தகம் சொல்லுது. எனக்கு அது பிடிபடவே இல்லை அக்கா. அம்மா தினமும் கஞ்சி ஊத்தையில, "நிமி சாப்பிட்டிருப்பாளா?" ன்னு கேக்கா. பதில் சொல்ல அங்க யாரு இருக்கா? ஆனா கேட்டுட்டு அகப்பையைக் கையிலயே வச்சிக்கிட்டு நிக்கா. நான் "சாப்பிட்டிருப்பா, ஊத்தும்மா" ன்னு சொன்னபிறகுதான் ஊத்துவா. இதை எந்தப் பேர்ல எழுத?

நீ சொல்லித்தந்தால்தான் எனக்கு ஏறும். நீ போனதிலிருந்து கட்டில் முழுசும் எனக்குத்தான், ஆனாலும் சுவரோரமாத்தான் படுக்கேன். ஆகவே மதர் அவர்கள் தயவுகூர்ந்து, செப்டம்பரில் அக்கா வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரீ ஆவதற்கு முன்பு மூன்று நாள் அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நான் தோற்பது உறுதி. இன்னொன்றும் மதரிடம் கேட்க வேண்டும். அக்காவின் போன கடிதத்தில் 'வீட்டை நினைத்தால்' என்று ஆரம்பிக்கும் ஒரு வரி முழுக்க அடித்திருந்தது. பெற்றவளுக்கு மகள் எழுதிய வரியை அடிக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

அப்பா ஏசுரத்தினம், அம்மா செபமாலையம்மாள் உனக்கு நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறார்கள். கடிதத்தில் அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை, நீயே வரைந்துகொள்.

இப்படிக்கு,
வினோ

பி.கு.: பரீட்சை போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. இருபதுக்குப் பதினெட்டு. அந்த நோட்டு இல்லாமலேயே வாங்கினேன். மதர், என்னை மன்னிக்க வேண்டும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு அக்காவின் பழைய கடிதத்தை வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தேன். மூலையில் நீங்கள் வாசித்ததற்குப் போட்ட கையெழுத்து பச்சை மை. அந்த வரியை அடித்திருப்பது நீல மை, அக்காவின் பேனா.

அக்கா, வீட்டை நினைத்தால் என்ன? என்ன எழுதி அடிச்சே? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காம எழுதி அனுப்பு.