குளவி ஓகின் கையில் வெங்காயத்தாள்

எங்கள் கிரிசவா நகராட்சியில் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டுமானால் முதலில் அதற்கென்று ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட வேண்டும். பிரிவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு பெயர்ப்பலகை. இவை அமைந்துவிட்டால் காரியம் நடந்துவிட்டதாகவே கொள்ளப்படும். அந்த முறைப்படி சென்ற வசந்தகாலத்தில் 'குளவி ஓகின் புகழ் பரப்பும் பிரிவு' நகராட்சிக் கட்டடத்தில், கழிவுநீர்ப் பிரிவுக்கும் முதியோர் நலப் பிரிவுக்கும் நடுவே தோன்றியது.

குளவி ஓகின் ஒரு வாள்வீச்சுக்காரி. சினிமாவில்தான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கியோட்டோவிலிருந்து ஒரு கம்பெனி, மலையும் ஆறும் வாடகையில்லாமல் கிடைக்கிறதே என்று எங்கள் ஊருக்கு வந்து அந்தப் படத்தை எடுத்தது. கதை எளிது. லஞ்சம் வாங்கும் மாஜிஸ்திரேட் ஒருவன் ஓகினின் தகப்பனைக் கொன்றுவிடுகிறான். ஓகின் வாளெடுத்து, மாஜிஸ்திரேட்டையும் அவன் கச்சேரியில் வேலைபார்த்த அத்தனை பேரையும், குமாஸ்தா முதல் தண்ணீர் தூக்குகிறவன் வரை, வெட்டித் தீர்க்கிறாள். ஒவ்வொரு சண்டையிலும் அவள் கிமோனோ ஒரு தோளிலிருந்து நழுவும். நழுவுவதற்குக் கதையில் காரணம் கிடையாது; டிக்கெட் விற்பனையில் இருந்தது. ரத்தம், தீயணைப்பு வண்டிக் குழாயைத் திறந்துவிட்டதுபோல் வரும்.

படம் வெளிவந்ததும் ஊர் கொதித்தது. மாதர் சங்கத் தலைவி இசோமுரா அம்மாள் முன்னின்று நடத்த, நகர மன்றம் கூடி, மேற்படி படம் நல்லொழுக்கத்துக்கு ஊறு விளைவிப்பதாகவும், ஆகவே கிரிசவா எல்லைக்குள் எக்காலத்தும் திரையிடப்படலாகாது என்றும் தீர்மானித்தது. ஊர் முக்கியஸ்தர்கள் அதன் கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, அவரவர் பெயர் பொறித்த சிவப்பு முத்திரை குத்தினார்கள். பிறகு நாங்கள் ஆளுக்கொரு நாளாக ரயிலேறிப் பக்கத்து நகரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கொட்டகை இருட்டில் அடையாளம் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துகொண்டது எங்கள் நல்லொழுக்கத்துக்கு ஒரு சான்று.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஓகினாக நடித்த மினெகோ அக்கா, படப்பிடிப்பு நடந்தபோதே எங்கள் ஊர் உடோன் கடைக்காரரை விரும்பி, சினிமாவை விட்டுவிட்டு, அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். வாள் பிடித்த கையால் மாவைத் தேய்த்துத் தடித்த நூடுல்ஸாக நறுக்கினாள். ஊர்க்காரர்கள் அந்தக் கடையில் சாப்பிடுவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போகிறவரை மற்றவர்கள் பார்ப்பார்கள், அவ்வளவுதான். லாரிக்காரர்களால் கடை பிழைத்தது. அவள் புருஷன் செத்தபோது சடங்குக்கு வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். எதிர்ச்சாரியில் என் முடிதிருத்தும் கடை. அவள் வாசல் என் கண்ணாடியில் விழும்.

இப்படியிருக்க, ஐரோப்பாவில் எங்கோ ஒரு திரைப்பட விழாவில் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டி, எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள். வெட்டு என்று நாங்கள் நினைத்ததை அவர்கள் தத்துவம் என்றார்கள். நழுவிய தோளைப் பற்றி ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதினார். அடுத்த மாதம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கறுப்புப் பனியனில் ஓகின் முகத்தை அச்சடித்துப் போட்டுக்கொண்டு எங்கள் ஆற்றுப்பாலத்தில் நின்று படம் பிடித்தார்கள். மறுவாரம் மேயரின் மகன் அதே பனியனில் அலைந்தான். அதற்கடுத்த வாரம் மேயரே, கோட்டுக்கு அடியில். அதன் பிறகுதான் பிரிவு.

பிரிவின் தலைவராகக் குசகாபே நியமிக்கப்பட்டார். நல்ல மனிதர். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். முதல் வேலையாக ரயில் நிலைய வாசலில் ஓகினுக்கு வெண்கலச் சிலை எழுப்பினார். உருவிய வாளோடு ஒரு பெண் பொது இடத்தில் நிற்பது வன்முறையைத் தூண்டுமென்று ஆட்சேபணை வந்ததால், வாளை எடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பயிரான நீண்ட வெங்காயத்தாளைக் கையில் கொடுத்தார்கள். தோள் பிரச்சினையும் பரிசீலிக்கப்பட்டுக் கிமோனோ காது வரை ஏற்றப்பட்டது. கடைசியில் பார்த்தால், காய்ச்சல்காரி ஒருத்தி காய்கறிக்கடைக்காரனை மிரட்டுவதுபோல் இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதையும் படம் பிடித்தார்கள்.

விழாவுக்கு நாள் குறித்ததும், மினெகோ அக்காவை 'ஒரு நாள் போலீஸ் அதிகாரி' ஆக்குவது என்று முடிவாயிற்று. நடிக நடிகையருக்குச் சீருடை மாட்டி, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டி போட்டு, திருடரிடம் உஷார் என்று பேசவைத்து அனுப்பும் கௌரவம் இது. குசகாபே அவள் கடைக்கு வந்தபோது நான் அங்கே கத்தரிக்கோல் சாணை பிடிக்கக் கல் கேட்கப் போயிருந்தேன்.

படத்தையும் விழாவில் திரையிடப்போவதாக அவர் சொன்னார். முழுசாகவா என்று அக்கா கேட்டாள்.

"தகுந்த மாற்றங்களோட" என்றார் குசகாபே. "ரத்தம் வர்ற இடமெல்லாம் எடுத்தாச்சு. தோள் வர்ற இடமும். ஒரு பத்து நிமிஷம் தேறுது. குதிரை நல்லா நடக்குது அதுல."

"கச்சேரிச் சண்டை?"

"வெச்சிருக்கோம்மா. ஆனா அரசு ஊழியரை வெட்டுறதா காட்டினா எங்களுக்கே சரிப்படாது. அதனால நீங்க மனு குடுக்க வர்றீங்க. அவங்க வேலைப்பளு தாங்காம சரிஞ்சு விழறாங்க. குரல் சேர்த்தாச்சு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். முழுப் படத்தையும் போடவேண்டும், அந்தப் பழைய தீர்மானத்தையும் ரத்து செய்யவேண்டும், அப்படியானால் வருகிறேன் என்றாள். குசகாபே தலை குனிந்து, ஆவன செய்வதாகச் சொல்லிப் போனார். மூன்று நாளில் ஆவன செய்துகொண்டு திரும்பி வந்தார். தீர்மானத்தை ரத்து செய்ய வழியில்லையாம். 'சொந்த ஊரே தடை செய்த படம்' என்றுதான் சுவரொட்டி அச்சாகியிருக்கிறது. தடைக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். தடையை நீக்கினால் விழாவுக்கு அர்த்தமில்லை. ஆகவே தடையைப் புதுப்பித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காட்சிக்கு வைப்பதென்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

"அப்ப நான் கொண்டாடப்படணும், ஆனா தப்பானவளாவும் இருக்கணும்" என்றாள் அக்கா.

"ரொம்பச் சரியா சொல்லிட்டீங்க" என்றார் குசகாபே, நிம்மதியாக.

அக்கா கொதிக்கும் தண்ணீரில் ஒரு பிடி நூடுல்ஸைப் போட்டு மூடினாள். பிறகு, வருவதாகச் சொன்னாள்.

விழா நாளன்று நகரமன்ற அரங்கம் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்க வெளிநாட்டுக் கேமராக்கள். மேயர், நகரின் பண்பாட்டு விழுமியங்களைப் பற்றி விரிவாக உரையாற்றினார். அக்கா சீருடையில் மேடையேறினாள். அறுபத்தொன்பது வயதிலும் அந்த நடை மாறவில்லை; சபை தானாக அடங்கியது. இன்றைக்கு ஒரு நாள் நான்தான் இந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி என்று எழுதித் தந்திருக்கிறார்கள் என்று அமைதியாக ஆரம்பித்தாள். திருடரிடம் உஷார் என்று சொல்லப்போகிறாள் என நாங்கள் கைதட்டத் தயாரானோம்.

"முதல் உத்தரவு. முழுப் படத்தையும் போடுங்க" என்றாள். மேடையோரம் நின்ற அசல் போலீஸ் அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, "கதவுகிட்ட ஆள் நிறுத்துங்க. முடியிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

அந்தப் பதவிக்கு எந்த அதிகாரமும் இல்லையென்பது நாட்டுக்கே தெரியும். ஆனால் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அசல் அதிகாரி பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்துவிட்டார். அடித்த சல்யூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை எந்த விதியிலும் இல்லை. ஐரோப்பிய விழாக்காரர் ஒருவர் பையில் முழுப்படம் தயாராக இருந்தது. விளக்கு அணைந்தது.

அப்போதுதான் ஊரின் இளசுகளுக்கு அந்த விஷயம் தெரிந்தது. கம்பெனி துணை நடிகர்களைக் கியோட்டோவிலிருந்து கூட்டி வரவில்லை. ஒரு சோற்றுப் பெட்டிக்கும் ஒரு குப்பி சாக்கே மதுவுக்கும் ஊரே நடித்திருந்தது. திரையில் மேயரின் தகப்பனார் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தார். நெல் ஆலை முதலாளி ஒரே வெட்டில் இரண்டு பக்கமாகச் சாய்ந்தார். நான் மூன்று முறை, மூன்று தொப்பியில் செத்தேன். தேநீர் விடுதிக் காட்சியில், வாளைக் கண்டு அலறிக்கொண்டு அரைகுறைக் கிமோனோவில் ஓடினாள் ஒரு பெண்.

முன்வரிசையில் இசோமுரா அம்மாளின் மருமகள் குனிந்து, "அத்தை, அது நீங்களா?" என்று கேட்டாள்.

எண்பத்தைந்து வயது இசோமுரா அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, "குரல் என்னோடது இல்ல" என்றாள்.

படம் முடிந்து விளக்கு வந்தது. அக்கா திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுவோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். பின்வரிசை வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உடனே நாங்களும் தட்டினோம். மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தகப்பனாரைப்போல் கிணற்றில் விழ இனி ஒருவர் பிறக்கவேண்டும் என்றார்.

ஒரு வாரத்துக்குள் 'வெட்டுண்டோர் வம்சத்தார் சங்கம்' உதயமாயிற்று. ஓகின் கையால் செத்தவர்களின் குடும்பத்துக்குச் சான்றிதழ், வாசலில் பதிக்கச் சிறு பலகை, ரயில் நிலையத்திலும் கடைத்தெருவிலும் தனி வண்டி நிறுத்தம். கல்யாணப் பேச்சில் பையன் குடும்பத்தில் யார், எந்தக் காட்சியில், முன்னாலா பின்னாலா வெட்டுப்பட்டார் என்று விசாரித்தார்கள். காயம்பட்டுப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் தலைகுனிந்து நடந்தார்கள். மினெகோ அக்காவின் வீட்டில் வெட்டுப்பட்டவர் யாருமில்லாததால் சங்கத்தில் அவளுக்கு இடமில்லை. அவள் கடை வாசலிலேயே வம்சத்தாருக்கான வண்டி நிறுத்தம் வந்துவிட்டதால், மாவு வண்டி கோயில் மைதானத்திலேயே நின்றுவிட, மூட்டையை அவள் அங்கிருந்து தூக்கி வரவேண்டியதாயிற்று.

அடுத்த அடி குசகாபேவுக்கு விழுந்தது. வம்சத்தார் அல்லாத ஒருவர் இப்பிரிவுக்குத் தலைமை வகிப்பது முறையா என்று மன்றத்தில் கேள்வி எழுந்தது. அவர் வீட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் அக்கா கடைக்குள் நுழைந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ஊரே அங்கேதான் சாப்பிடுகிறது, அது நாகரிகமாகிவிட்டது.

"அம்மா, என்னைக் கொஞ்சம் வெட்ட முடியுமா?" என்றார். "பிற்சேர்க்கையா ஏத்துக்கறதா சொல்றாங்க."

"முதல்ல உக்காந்து சாப்பிடுங்க. வெறும் வயித்தோட சாகாதீங்க."

அவர் குனிந்து சாப்பிட்டார். அக்கா எதிரே உட்கார்ந்தாள். "உங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார்தானே. நடிக்கக் கூப்பிட்டப்ப, எனக்கு நடிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டார். தீர்மானத்துல முத்திரை கேட்டப்ப, நான் இன்னும் படம் பார்க்கலையேன்னு சொல்லிட்டார். அத்தனை வருஷமும் இந்தக் கடையில வந்து சாப்பிட்ட ஊர்க்காரர் அவர் ஒருத்தர்தான். முன்கதவு வழியா வருவார்."

குசகாபே குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டுல சொன்னதே இல்ல" என்றார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "ஆனா அதைச் சான்றிதழ்ல போட இடமில்லைங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். பிறகு மாவுக்கட்டையை எடுத்து அவர் கழுத்தில் லேசாகத் தட்டினாள். அவர் மெதுவாகச் சரிந்து, விழும்போது பெஞ்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சாட்சிக்கு நான் இருந்ததால் மரணம் அங்கீகரிக்கப்பட்டது. பதவி தப்பியது.

ஆனால் அவர் தகப்பனார் முத்திரை குத்தாத விஷயம் வெளியே வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய பழைய தீர்மானத்தை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஊர் முக்கியஸ்தர் அத்தனை பேர் முத்திரைக்கும் நடுவே, பள்ளி ஆசிரியர் என்ற இடத்துக்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. குறைபட்ட பத்திரம் சுற்றுலாப் பயணிகள் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்று மன்றம் கவலைப்பட்டது. வாரிசு என்ற முறையில் குசகாபேயே அதைப் பூர்த்தி செய்வது பொருத்தமாயிருக்கும் என்று தீர்மானிக்கப்பட்டது.

அதற்கும் ஒரு சிறு விழா நடந்தது. மினெகோ அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். குசகாபே, காலஞ்சென்ற தகப்பனாரின் முத்திரையைப் பட்டுத்துணியிலிருந்து எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, அந்த இடத்தில் நேராக, அழகாகக் குத்தினார். அக்கா எழுந்து வெளியே போனாள். அவசர வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.