நாலரைப் பங்குப் படம்

குலேத் அவாலே பத்தொன்பது ஆண்டுகளாகச் சுயாதீனத் திரைப்பட இயக்குநர். அதே பத்தொன்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தும் வந்தான். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. மினியாபொலிஸில் சோமாலிக்காரன் ஒருவன் சுயாதீனமாகப் படம் எடுக்கிறான் என்றால் அதற்கு அதுதான் பொருள்.

நாற்பத்தாறு வயதில்தான் தன் படம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று அவனுக்கு அமைந்தது. பதினெட்டு நிமிடம். டீக்கடை வாசலில் கார் நிறுத்த ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு மைத்துனர்கள் சண்டை. கடைசியில் இழுவை லாரிக்காரன் வந்து இரண்டு காரையும் தூக்கிப் போய்விடுகிறான். மூத்த மைத்துனனாக நடித்தவன் முடிதிருத்தும் ஜெய்லானி. கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு அவன் காரோடு பேசுகிற பேச்சில் படத்தொகுப்பு அறையே குலுங்கியது. குலேத் தனியாளாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தான், இருந்தாலும் குலுங்கியது. பத்தொன்பது வருடத்தில் தான் எடுத்தது ஒன்று உயிரோடு இருப்பதை அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

படத்தைத் திரையிட மாநிலக் கலை வாரியத்தின் ஆதரவு வேண்டியிருந்தது. வாரிய அலுவலர் லின்னியா ஹால்வர்சன் கனிவான பெண்மணி. அவரிடமிருந்து கடிதம் வந்தது: "தங்கள் சமூகத்தின் அனைத்துக் குரல்களுக்கும் உரிய சமநிலை பேணப்பட்டுள்ளதைச் சமூகப் பெரியோர் உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும்."

குலேத் கடிதத்தைச் சீடார் தெரு டீக்கடைக்கு எடுத்துப் போனான். அவன் செய்த தவறு அதுதான். அங்கே காலைமுதல் அரசியல் பேசிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு ஹாஜி ஷிரே தலைவர். அவர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"சமநிலைதானே? நமக்குத் தெரிஞ்ச சமநிலை ஒண்ணுதான் தம்பி."

தாய்நாட்டில் நாடாளுமன்றத்தைப் பிரிக்கிற கணக்கு அது. பெரிய குலங்கள் நான்குக்கும் ஆளுக்கொரு முழுப் பங்கு. மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஆக நாலரை. பதினெட்டை நாலரையால் வகுத்தால் பங்குக்கு நாலு நிமிடம். மிச்சம் விழாமல் வகுபட்டதைக் கண்டு பெரியவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். கடவுளே இந்தப் படத்தை அளந்துதான் கொடுத்திருக்கிறான் என்றார் ஒருவர்.

ஜெய்லானி அரைப் பங்கில் வருகிறவன். பதினான்கு நிமிடம் பேசியவனுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது. காரோடு அவன் பேசும் பேச்சில் சிரிப்பு வெடிக்கும் இடம் மூன்றாவது நிமிடத்தில் இருந்தது.

"சித்தப்பா, இது காமெடி. பாதியில வெட்டினா சிரிப்பே வராது," என்றான் குலேத்.

"சிரிப்பு யாருக்கு வரணும்? அதையும் பங்கு வெச்சுத்தானே சொல்லணும்?" என்றார் ஹாஜி ஷிரே.

இழுவை லாரிக்காரன் வெள்ளைக்காரன். குலம் கிடையாது, ஆகவே பங்கும் கிடையாது. படத்தின் முடிவு அவனோடு போயிற்று.

குலேத் முழுப் பங்குக் குலத்தில் பிறந்தவன். அந்தக் கணக்கு அவனுக்கு ஒரு நாளும் வலித்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் சம்மதித்தான். கலைக்காகச் சில சமரசங்கள் தேவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

நான்கு குலங்களும் வயதுப்படி பிரதிநிதிகளை அனுப்பின. நால்வருக்கும் நடிப்பு வராது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆளுக்கு நாலு நிமிடம் பனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்து, கேமராவைப் பார்த்தார்கள். ஹாஜி ஷிரே தம் பங்கில் மூன்று நிமிடம் தூங்கினார்.

வாரியத்தில் படம் ஓடி முடிந்ததும் லின்னியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மௌனம்! அந்த முதியவர் கண்ணை மூடுகிறாரே, ஊரை நினைத்துத்தானே?"

"தூங்கிட்டாருங்க."

"ஆமாம். ஒரு தலைமுறையின் தூக்கம்," என்று குறித்துக்கொண்டார்.

ஆண்டின் சிறந்த படம் அதுதான் என்று அறிவித்தார்கள்.

விருது விழா அன்று மாலை குலேத் முடிவெட்டிக்கொள்ள ஜெய்லானி கடைக்குப் போனான். படம் பற்றி அவன் ஏதாவது கேட்பான், திட்டுவான் என்று காத்திருந்தான். ஜெய்லானி துணியைப் போர்த்தினான். வலப்பக்கத்தை அழகாக வழித்தான். மெஷினை நிறுத்தினான். துணியை உதறி மடித்தான்.

"இன்னொரு பக்கம்?"

"பங்கு முடிஞ்சுதுண்ணே. அடுத்த ஆள் காத்திருக்காரு."

விழாவுக்கு இருபது நிமிடமே இருந்தது. குலேத் அரைத்தலையோடு மேடையேறினான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரே தலையில் இரண்டு தேசங்களைச் சுமக்கும் கலைஞன் என்றார் லின்னியா. மறுநாள் பத்திரிகையில் அவன் புகைப்படம் வந்தது. அடுத்த வாரம் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் அரைத்தலையோடு திரிந்தார்கள். அதற்கடுத்த வாரம் வாரிய அலுவலர்கள். தங்கள் படத்தால் வந்த கௌரவம் என்று கடைசியில் பெரியவர்களும் ஜெய்லானி கடை வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஜெய்லானி யாருக்கும் பாதிக்கு மேல் வெட்டவில்லை. யாரிடமும் பாதிக் கூலி வாங்கவுமில்லை; முழுக் கூலிதான்.

வெட்டும்போது அவன் வாழைப்பழக் கதையைச் சொல்வான். மூன்றாவது நிமிடத்தில் கடை வெடித்துச் சிரிக்கும். ஹாஜி ஷிரே பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு இருமுவார். லின்னியாவுக்கு மொழி தெரியாது; அவரும் சிரிப்பார்.

ஒரு நாள் இதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த குலேத், ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தான். ஜெய்லானி அவனைப் பார்த்தான். கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னான். சரியாக இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுச் சீப்பைத் துடைத்தான்.

"மிச்சத்தையும் சொல்லு ஜெய்லானி," என்றான் குலேத்.

"சொல்றேனே. பெரியவங்க கையெழுத்து இருக்கா?"

பெரியவர்கள் அங்கேயேதான் வரிசையில் இருந்தார்கள். கையெழுத்துப் போட எல்லோரும் தயார்தான். ஆனால் முதலில் யார் போடுவது என்று பேச்சு வந்தது. அது இன்னும் முடியவில்லை.